கடுதாசி வேண்டாம் என்றவர்

விசாரித்த முறைப்பாடுகளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஓய்வுபெற்ற அதிகாரி எவரும் ஒரு நாள் முழுக்கப் பேசுவார். நானும் அப்படித்தான். என் மனைவிக்கு அந்தக் கதைகள் எல்லாம் மனப்பாடம். நான் தொடங்கினால் அவர் முடித்துவைப்பார். ஆனால் அவரிடம்கூட நான் அதிகம் பேசாத ஒன்று உண்டு. அது நான் விசாரிக்காமல் மூடிய ஒரு கோப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பெருமையடித்துக்கொள்ள நாலைந்து விஷயங்கள் கைவசம் இருந்தும், பேனா அந்தக் கோப்பைத் தேடித்தான் போனது.

நமது வேலை உங்களுக்குத் தெரியும். வியாபாரிகள் ஒருவரோடொருவர் போட்டி போட்டுப் பிழைக்க வேண்டும். கூடிப் பேசிச் சந்தையைப் பங்குபோடக் கூடாது. அப்படிச் செய்கிறார்கள் என்று யாராவது முறைப்பாடு கொண்டுவந்தால் அதை விசாரிப்பதா, விடுவதா என்பதுதான் முதல் தீர்மானம். வருகிற எல்லாவற்றையும் விசாரிக்க எந்தக் காலத்திலும் ஆள் இருந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் பதுளைக்கு மாற்றலாகி வந்தபோது ஊவா மாகாணம் முழுவதற்கும் நான், ஒரு எழுதுவினைஞர், ஒரு பழைய ஜீப், இவ்வளவுதான் அலுவலகம். ஜீப் பாதி நாள் கராஜில் இருக்கும். நான் யாழ்ப்பாணத்தான். அதுவரை மலைநாட்டை ரயில் ஜன்னலால் மட்டும் பார்த்தவன். தேயிலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் எவ்வளவு சீனி போடுவது என்பதுதான்.

வந்த புதிதில் ஒரு பேக்கரி முறைப்பாடு. பதுளை நகரில் நெடுநாள் பேக்கரி வைத்திருந்த ஒருவர், புதிதாக வந்தவன் பணிஸை விலை குறைத்து விற்றுத் தன்னை ஒழிக்கப் பார்க்கிறான் என்று கண்கலங்கச் சொன்னார். எனக்கு இரத்தம் கொதித்துவிட்டது. இரண்டு மாதம் அந்தப் புதியவரை அழைத்து அழைத்து வதைத்தேன். கடைசியில் பார்த்தால், அவரும் அவருடைய தம்பிமார் இருவரும் சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் தாங்களே மா பிசைந்தார்கள். வேறு சூது எதுவும் இல்லை. கொழும்பில் இருந்த எங்கள் பணிப்பாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். பணிஸ் வாங்கித் தின்கிறவனுக்கு இதில் என்ன நட்டம்? முகம் சிவந்து நின்றேன்.

அவர் நல்ல மனிதர். திட்டாமல் கற்றுத் தந்தார். முறைப்பாட்டாளருக்கு வலிக்கிறதா என்று பார்க்காதே, சந்தைக்கு வலிக்கிறதா என்று பார். ஆதாரம் கிடைக்கக்கூடியதா என்று பார். அடுத்து, விவரம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பு, மூன்று வாரம் தவணை கொடு. உண்மையாகப் பாதிக்கப்பட்டவன் பதில் எழுதுவான்; பொறாமையில் வந்தவனுக்கு அதற்குள் கோபம் ஆறியிருக்கும். அந்த மூன்று வார முறையை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் அது சரியாகவே வேலை செய்தது. அதனால்தான் அதன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த வருடம், மழை விடாமல் பெய்த ஒரு காலையில் பெருமாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். பசறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், தொழிலாளருக்கென்று தோட்டமே வரிசையாகக் கட்டிவிட்ட லயத்துக் காம்பிராவில் குடியிருப்பு. மனைவி அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இவரும் முன்பு அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பிறகு வேலையை விட்டு, மனைவியின் நகைகளையும் சேர்த்துப் பழைய லொறி ஒன்று வாங்கி, சுற்றுக் கிராமங்களில் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். யார் நல்ல விலை தருகிறார்களோ அவர்களுக்கு. அதுதான் அவருடைய முழு வியாபார சாத்திரமும்.

என் மேசையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். உள்ளே கொழுந்து, சிவந்து கசங்கிப் போய்க் கிடந்தது. புளித்த வாடை அடித்தது.

"இது நேத்து மத்தியானம் பறிச்சதுங்கய்யா. பாருங்க, எப்படி வெந்து போயிருக்குன்னு. கொழுந்து காத்துக்கிட்டு இருக்காதுங்க. அவங்களுக்கு அதுதான் பலம்."

பிறகு விவரமாகச் சொன்னார். அந்தப் பக்கம் மூன்று தொழிற்சாலைகள். கொஞ்ச நாளாக மூன்றும் பேசிவைத்துக்கொண்டு மூன்று ரோட்டையும் பிரித்துக்கொண்டுவிட்டன. இந்த ரோட்டுக் கொழுந்து இவருக்கு, அந்த ரோட்டுக் கொழுந்து அவருக்கு. வேறு தொழிற்சாலை வாசலுக்கு லொறியைக் கொண்டுபோனால், நீ அந்த ரோட்டு ஆள், இங்கே எடுக்க மாட்டோம் என்று தராசுக்காரர் திருப்பி அனுப்புகிறார். பொழுது சாய்ந்தால் கொழுந்து குப்பை. ஆகவே சொன்ன வாசலில் சொன்ன விலைக்குக் கொடுத்தே தீர வேண்டும். கிராமத்துச் சனங்களுக்கும் அதே கதி. மூன்றில் ஒன்று அவர் குடியிருந்த தோட்டத்துத் தொழிற்சாலை என்பதையும் சொன்னார். நான் அதையும் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேனே தவிர, யோசிக்கவில்லை.

இதைவிடத் தெளிவான முறைப்பாடு அதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. பணிஸ் வாங்குபவனுக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு இங்கே பதில் இருந்தது. நூற்றுக்கணக்கான சிறு தோட்டக்காரர்களுக்கு விற்க ஒரே வாசல். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. படிவத்தை எடுத்து முகவரி கேட்டேன். அவர் தயங்கினார்.

"கடுதாசி எல்லாம் வேணாம்ங்கய்யா. நானே வந்து பாத்துக்கிறேன். வாரா வாரம் வரச் சொன்னாலும் வர்றேன்."

"முகவரி இல்லாமல் கோப்புத் திறக்க ஏலாது. எல்லாருக்கும் ஒரே முறைதான்," என்றேன்.

அவர் ஒரு தடவை ஜன்னலால் மழையைப் பார்த்தார். பிறகு லயத்து இலக்கம், பிரிவு, தோட்டம் எல்லாம் சொன்னார். எனக்கு அவருடைய தயக்கம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். எழுத்து வாசிப்புப் போதாது, அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று. ஆகவே பெருந்தன்மையாக ஒன்று சொன்னேன்.

"வாசிக்கக் கஷ்டமென்றால் ஆரையாவது கொண்டு வாசிப்பியுங்கோ."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். இதை எழுதும்போது அந்த வசனத்துக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாளே கடிதம் அனுப்பினேன். நல்ல கடிதம் என்று அன்று நினைத்தேன். மூன்று தொழிற்சாலைகளின் பெயர்களையும் குறிப்பிட்டு, இவை ரோட்டுகளைப் பிரித்துக்கொண்டதாக நீங்கள் செய்த முறைப்பாடு கிடைத்தது, திருப்பி அனுப்பப்பட்ட நாட்கள், சாட்சி சொல்லக்கூடிய தோட்டக்காரர்களின் பெயர்கள் ஆகியவற்றை மூன்று வாரத்துக்குள் எழுதி அனுப்புக என்று கேட்டிருந்தேன். அரச பணிக்கான பழுப்பு உறை. மூலையில் மும்மொழியிலும் நமது அலுவலக முத்திரை.

மூன்று வாரம் போனது, பதில் இல்லை. நாலாவது வாரமும் இல்லை. பொட்டலத்தில் எறும்பு மொய்க்கிறது என்று எழுதுவினைஞர் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார். எனக்கு மனதின் ஒரு மூலையில் இடித்துக்கொண்டுதான் இருந்தது. மழையில் பஸ் பிடித்து வந்த ஆள், வாரா வாரம் வருகிறேன் என்று சொன்ன ஆள், ஏன் இப்படிக் காணாமல் போனார்? பசறை என்ன கண்காணாத தேசமா, ஒரு மணித்தியால பஸ் பயணம். போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் பேக்கரி விஷயத்தில் பட்ட வெட்கம் ஆறவில்லை. இன்னொரு தடவை பணிப்பாளர் முன்னால் முகம் சிவக்க நிற்க நான் விரும்பவில்லை. கோப்பின் கடைசிப் பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன்: "முறைப்பாட்டாளர் அக்கறை காட்டவில்லை. கோப்பு மூடப்படுகிறது." கையொப்பமும் வைத்தேன். அந்தக் கையொப்பம் வழக்கத்தைவிட அழகாக விழுந்திருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து அதே மூன்று தொழிற்சாலைகளைப் பற்றி இன்னொரு முறைப்பாடு. இந்த முறை எழுதியவர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர். சொந்த வீடு, சொந்தமாக ஓர் ஏக்கர் தேயிலை. என் கடிதத்துக்கு ஒரே வாரத்தில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். பெருமாள் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றுமே புதிதாக இல்லை. முறைப்படி விசாரணை தொடங்கி, ஜீப்பைத் தட்டிக்கொட்டிப் பசறைக்குப் போனேன்.

முதலில் போனது பெருமாள் குடியிருந்த தோட்டத்துக்கு. தோட்டத்தை நடத்தும் துரை வரும்வரை தோட்டத்து அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தபால் பையோடு ஒருவர் வந்தார். அலுவலகத்து உத்தியோகத்தர் ஒருவர் பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு உறையையும் முன்னும் பின்னும் பார்த்து, பிரிவு பிரிவாக மரப்பெட்டியின் அறைகளில் போட்டார். அரச முத்திரையுள்ள இரண்டொன்றை மட்டும் தனியாக மேசையில் வைத்தார். இதெல்லாம் யாருடைய கடிதங்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். லயத்து ஆட்களுடையது, அவர்களுக்குத் தனி முகவரி ஏது, எல்லாம் இங்கேதான் வரும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்போம் என்று அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்.

எங்கள் ஊரில் தபால்காரர் படலையில் சைக்கிளை நிறுத்தி மணி அடிப்பார். கடிதம் அம்மாவின் கையில்தான் வந்து சேரும். முகவரி என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தே வளர்ந்து, படித்து, பரீட்சை எழுதி, பதவிக்கும் வந்துவிட்டேன். பெருமாள் முறைப்பாடு செய்தது இந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையின் மேல். அவருடைய முறைப்பாட்டை, மூன்று பெயர்களையும் போட்டு, முத்திரையும் குத்தி, நானே இந்த மேசைக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

பெருமாள் எங்கே என்று கேட்டேன். லொறியை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மொனராகலைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

விசாரணையில் ஒன்றும் அகப்படவில்லை. மூன்று இடத்திலும் எங்களுக்காகக் காத்திருந்தது போல் ஏடுகள் சுத்தமாக இருந்தன. வேறு ரோட்டுக் கொழுந்தும் இடைக்கிடை வாங்கியதாகப் பதிவு இருந்தது. கொழுந்து கொண்டுவருபவர்கள் எல்லோரும் தங்கள் விருப்பப்படிதான் வாசலைத் தெரிவு செய்வதாக ஒரே குரலில் சொன்னார்கள். போன இடமெல்லாம் அருமையான தேநீர் கொடுத்தார்கள். ஏழெட்டு மாத அவகாசம் இருந்தால் யாரும் வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கிவிடுவார்கள். அந்த அவகாசத்தைக் கொடுத்தது என் கடிதம். ஆசிரியர் என்னைக் குறை சொல்லவில்லை. வந்து பார்த்ததே பெரிது என்று நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பதுளைக்குத் திரும்பினேன்.

கொழும்புக்குப் போய்ப் பணிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பதில் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிக்கச் சொன்னேனே தவிர, மூடச் சொல்லவில்லையே என்றார். அவர் அப்படித்தான் சொன்னாரா என்று எனக்கு நிச்சயமாக ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பார். எனக்கு வசதியானதை மட்டும் நான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு படிவத்தை மாற்றினோம். முகவரி என்ற இடத்துக்கு மேலே இன்னொரு கேள்வி சேர்த்தோம்: உங்களுக்கு எப்படிச் செய்தி சொன்னால் உங்களுக்குத் தொந்தரவு வராது? இன்று நீங்கள் பயன்படுத்தும் படிவத்திலும் அந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விசாரிப்பதா வேண்டாமா என்று நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாக நினைப்போம். ஆனால் நாம் அனுப்பும் முதல் கடிதமே ஊரில் விசாரணையைத் தொடங்கிவைத்துவிடும், அதுவும் முறைப்பாட்டாளரின் தலையில். சந்தைக்கு வலிக்கிறதா என்று பாருங்கள், ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லாம் சரி. வந்தவர் திரும்பி எங்கே போகிறார், யாருடைய கூரையின் கீழ் படுக்கிறார் என்பதையும் கேளுங்கள். பதில் வராத கோப்பை மூடுவதற்கு முன் ஒரு தடவை பஸ் ஏறுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கரும்பு ஏற்றும் வாகனங்கள் பற்றிய ஒரு முறைப்பாட்டுக்காக மொனராகலைக்குப் போனேன். அங்கே உழவு இயந்திரத்தில் கரும்பு இழுப்பவர்களின் பெயர்ப் பட்டியலில் பெருமாளின் பெயர் இருந்தது. பசறைப் பக்கத்திலிருந்து வந்தவர்தான் என்று விசாரித்து அறிந்துகொண்டு, வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். சின்னக் கல்வீடு. வாசல் கம்பத்தில் தகரத்தில் செய்த தபால் பெட்டி ஒன்று அடித்திருந்தது. அவர் பெயர் வெள்ளைப் பெயின்ரில் பெரிய எழுத்தில் இருந்தது.

என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். தலை நரைத்திருந்தது. நான் சுற்றி வளைக்காமல் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வந்துச்சுங்கய்யா. பெரட்டுல வச்சு என் பேரக் கூப்பிட்டாங்க. ஒறை ஏற்கனவே பிரிச்சுதான் இருந்துச்சு. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டு, ஆள் மேய்க்கிற கணக்கப்பிள்ளையே எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிச்சுக் காட்டுனாரு." என்னை நேரே பார்த்தார். "நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவன்ங்க."

மீதியை அவர் அமைதியாகச் சொன்னார். அன்று மாலையே மூன்று வாசலிலும் கொழுந்தைத் திருப்பிவிட்டார்கள். ஒரு லொறிக் கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறி வெந்து, பள்ளத்தில் கொட்ட வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் கிராமத்தில் ஒருவரும் அவருக்குக் கொழுந்து போடவில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, விற்க முடியாதவனிடம் கொடுத்து என்ன பயன். லயத்துக்குப் போகும் ரோட்டில் சங்கிலி போட்டு, லொறியைத் தோட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள். மனைவிக்கு, ஏறி இறங்கவே பாடுபட வேண்டிய மலை உச்சியில் வேலை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் கிளம்பிவிட்டார்கள்.

பிழை முழுக்க என்னுடையது என்றேன். அவரைத் தேடியதையும், விசாரணை பாழாய்ப் போனதையும் சொன்னேன்.

"விடுங்கய்யா. நீங்க என்ன செய்வீங்க, ஆபீஸ் முறை அப்படி," என்றார் பெருமாள்.

அவருடைய மனைவி மாரியாயி தேநீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"என்ன செய்வாரா? ஒரு ஆளு பஸ் ஏறி வந்து கடுதாசி வேணாம்னு சொல்றான். ஏன் வேணாம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். லொறி வாங்கக் கடனுதவி பெற வழி இருக்கிறதா என்று நான் விசாரித்துப் பார்ப்பதாகச் சொன்னேன். உண்மையாகவே விசாரிக்க நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வீட்டு இலக்கத்தையும் தபாற்கந்தோரையும் சொல்லும்படி கேட்டேன், விவரம் தெரிந்ததும் எழுதி அனுப்ப.

அவர் தபால் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மரியாதை குறையாத சிரிப்பு.

"கடுதாசி எல்லாம் வேணாம்ங்கய்யா. நானே வந்து பாத்துக்கிறேன்."

அதன் பிறகு ஓய்வுபெறும்வரை ஆறு வருடம் பதுளை அலுவலகத்தில் இருந்தேன். அவர் வரவில்லை.